மலைக்கு எந்தப் பக்கம் மழை?

ஓகஸ்ட் விடுமுறைக்கு மலையேறப் போயே தீரவேண்டும் என்று அக்காவின் மகன் ஒற்றைக்காலில் நின்றான். பதினாறு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலை என்றால் பாடப்புத்தகப் படம்தான். எங்கள் ஊர்ப் பெயரில் மலை உண்டு, நிலத்தில் இல்லை. கீரிமலைக்குப் போனால் கேணியும் கடலும்தான் இருக்கின்றன. குடாநாடு முழுவதும் ஒரு சுண்ணாம்புக்கல் தட்டு. மாடிவீட்டின் உயரத்தைத் தாண்டிய மேடு ஒன்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

"அரை நாளில ஏறி இறங்கக்கூடிய மலை ஒண்டு சொல்லுங்கோ மாமா" என்றான்.

அம்மா விடவில்லை. "இந்த நேரத்தில ஆரும் மலைக்குப் போவினமே? ஹற்றன் பக்கம் ஒரே மழையாம், மண்சரிவாம் எண்டு செய்தியில சொன்னவை. சிவனொளிபாதத்துக்கும் மார்கழி, தையிலதான் சனம் போறது."

அன்றிரவு பண்டாரவளையில் ஆசிரியராக இருக்கும் நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். "மழையா? எங்கண்ணே மழை! இங்க எல்லாம் காஞ்சுபோய்க் கெடக்கு. பைப்புல தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் வருது" என்றார்.

ஹற்றனுக்கும் பண்டாரவளைக்கும் இடையே நேர்கோட்டில் 45 கிலோமீற்றர்கூட இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் உள்ள இடைவெளியைவிடக் குறைவு. இரண்டும் மலை, இரண்டிலும் தேயிலை. ஒன்றில் குடை விரித்தபடியே இருக்க, மற்றதில் குழாய் வறண்டு கிடக்கிறது. அம்மாவும் நண்பரும் சொன்னது இரண்டும் உண்மை. அப்படியானால் மலையில் மழைக்காலம் என்று ஒன்று உண்டா, இல்லையா?

காற்று எங்கிருந்து வருகிறது

எங்கள் கரையோரத்தில் கடலுக்குப் போகிறவர்கள் காற்றைத் திசை பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பார்கள். வடக்கும் வடகிழக்கும் வாடை, கிழக்கு கொண்டல், தெற்கும் தென்மேற்கும் சோளகம், மேற்கு கச்சான். வைகாசி பிறந்தால் சோளகம் எழும். தெருப் புழுதி கண்ணை மறைக்கும், பனையோலை இரவெல்லாம் சலசலக்கும். கார்த்திகைக்குப் பிறகு வாடை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பெரிய பட்டங்களைத் தூக்கி நிறுத்துவது அதுதான்.

வளிமண்டலவியல் திணைக்களம் இதையே நான்கு பருவங்களாக வகுத்து வைத்திருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சி. இவற்றுக்கு நடுவே மார்ச், ஏப்பிரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் இரண்டு இடைப்பருவப்பெயர்ச்சிகள்.

காற்று ஏன் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது என்பதற்கு 1686இல் எட்மண்ட் ஹலி ஒரு வரைபடமே போட்டார். வால்வெள்ளிக்குப் பெயர் கொடுத்த அதே ஹலி. வெயிலில் நிலம் சீக்கிரம் சூடேறும், கடல் ஆறுதலாகத்தான் ஏறும். கோடையில் சூடேறிய இந்தியப் பெருநிலம் கடற்காற்றைத் தன்பக்கம் இழுக்கிறது. மாரியில் நிலம் குளிர, ஓட்டம் தலைகீழாகிறது. பூமியின் சுழற்சி அந்தக் காற்றை வளைத்துவிடுவதால்தான் அது நேர் தெற்கிலிருந்தும் நேர் வடக்கிலிருந்தும் வராமல் சாய்ந்து வருகிறது.

ஆக ஓகஸ்டில் இலங்கை முழுவதற்கும் காற்று ஒன்றுதான். கடலைத் தடவி, ஈரத்தைச் சுமந்து தென்மேற்கிலிருந்து வரும் காற்று. அது ஹற்றனுக்கு மேலும் போகிறது, பண்டாரவளைக்கு மேலும் போகிறது. இரண்டுக்கும் நடுவில் அதற்கு என்னவோ நடக்கிறது.

சைக்கிள் பம்பும் தட்டைவடைப் பக்கெற்றும்

யாழ்ப்பாணத்தானுக்குச் சைக்கிள் பம்பைக் கொண்டு எதையும் விளக்கலாம். பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு நாலு தரம் அமுக்கிப் பாருங்கள், குழல் சுடும். உரசலில் வரும் சூடு கொஞ்சம்தான். காற்றை நெரித்ததால் வந்த சூடே பெரும்பங்கு. இனி டயரின் வால்வைத் திறந்து, சீறும் காற்றுக்கு விரலைக் காட்டுங்கள். அது குளிர்ந்திருக்கும். நெரிந்த காற்றுச் சுடும், விரிந்த காற்றுக் குளிரும்.

மலையேறும் காற்றுக்கும் இதுவேதான் நடக்கிறது. எங்கள் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் பாரம்தான் வளியமுக்கம். மேலே போகப் போகத் தலைக்கு மேல் மிஞ்சுவது குறைவதால் அமுக்கமும் குறையும். இலங்கையின் உயர்ந்த சிகரமான 2,524 மீற்றர் பீதுருதாலகாலையின் உச்சியில், கடல்மட்ட அமுக்கத்தில் முக்கால் பங்குதான் இருக்கிறது. நம்பாதவர்கள் பருத்தித்துறைத் தட்டைவடைப் பக்கெற் ஒன்றைப் புகையிரதத்தில் மலையகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். நானு ஓயாவைத் தாண்டும்போது, கைபடாமலே அது தலையணைபோல உப்பி நிற்கும். உள்ளே அடைபட்ட யாழ்ப்பாணத்துக் காற்று, வெளியே நெரிக்க ஆளில்லாமல் விரிகிறது.

மலைச்சரிவில் மோதி மேலேறும் காற்றும் பக்கெற்றுக்குள் இருக்கும் காற்றைப் போலவே விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. யாரும் அதன் வெப்பத்தைப் பறிக்கவில்லை, விரிவதற்குத் தன் சொந்த வெப்பத்தையே செலவழிக்கிறது. இப்படி வெப்பம் உள்ளே போகாமலும் வெளியே வராமலும் நடக்கும் மாற்றத்துக்கு எங்கள் பாடநூல்கள் வைத்திருக்கும் பெயர் 'சேறலிலா மாற்றம்'. சேறல் என்றால் செல்லுதல். உயரத்தோடு வெப்பநிலை குறையும் கணக்குக்கு 'நழுவுவீதம்' என்று பெயர். மேகம் கட்டாத காற்று ஒரு கிலோமீற்றர் ஏறினால் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் நழுவும்.

பிட்டுப்பானை சொல்லும் கணக்கு

குளிர்ந்த காற்றில் நீராவி முழுவதும் ஆவியாகவே தங்கியிருக்க முடியாது. ஒரு கட்டத்தில் அது நுண்துளிகளாக ஒடுங்கும். அந்த வெப்பநிலைதான் பனிபடுநிலை. பிட்டு அவிக்கும்போது மூடியின் அடியில் முத்துமுத்தாக நீர் கோத்து நிற்பதும், மார்கழி விடியலில் வாழையிலையில் பனி நிற்பதும் இதே ஒடுங்கல்தான். மலைச்சரிவில் அந்தத் துளிகளின் கூட்டம்தான் மேகம். துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பருத்தால் மழை. இப்படி நிலத்தின் ஏற்றத்தால் பெய்யும் மழை மலையியல் மழை.

பிட்டுப்பானையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கொதிநீர் பட்டால் ஏற்படும் புண்ணைவிட, நீராவி பட்டால் வரும் புண் மோசம் என்பது சமைக்கிற எவருக்கும் தெரியும். ஆவி தோலில் பட்டு நீராக மாறும்போது, தன்னுள் பதுக்கி வைத்திருந்த வெப்பத்தை முழுவதும் கொட்டிவிடுகிறது. அதுதான் மறைவெப்பம். கடலில் நீரை ஆவியாக்க வெயில் செலவழித்த வெப்பம் அழிந்துபோகவில்லை. வங்கியில் போட்ட காசுபோல ஆவிக்குள் கிடக்கிறது. மேகம் கட்டும்போது காற்று அந்தக் காசை எடுத்துக்கொள்கிறது. அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று, கிலோமீற்றருக்கு 10 பாகை குளிராமல், ஏறக்குறைய 6 பாகைதான் குளிர்கிறது.

இந்த 10க்கும் 6க்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் பண்டாரவளையின் புதிர் ஒளிந்திருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேற்குக் கரையில் 28 பாகையோடு காற்று புறப்படுகிறது. 500 மீற்றர் ஏறும்போது 5 பாகை இழந்து 23. அங்கே மேகம் கட்டத் தொடங்குகிறது. அடுத்த 1,500 மீற்றரை மேகத்துக்குள்ளேயே ஏறி இன்னும் 9 பாகை இழக்கிறது. 2,000 மீற்றர் முகட்டில் 14 பாகை. வழியெல்லாம் மழையைக் கொட்டியாயிற்று. இனி மறுபக்கம் இறக்கம். இறங்கும் காற்று நெரிபட்டுச் சூடேறுகிறது. மேகம் உடனே கரைந்துவிடுவதால் இப்போது 6 பாகைக் கணக்கு இல்லை, 10 பாகைக் கணக்கு. 2,000 மீற்றர் இறங்கிக் கிழக்குக் கரையைத் தொடும்போது 34 பாகை!

28இல் ஏறிய காற்று 34இல் இறங்குகிறது. அந்த 6 பாகை எங்கிருந்து வந்தது? வங்கிக் காசுதான். ஆவியின் மறைவெப்பத்தை எடுத்துக்கொண்ட காற்று, நீரை மேற்குச் சரிவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. நீர் கூடவே வந்திருந்தால் அதைத் திரும்ப ஆவியாக்கக் காசைத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்திருக்கும். மேற்குச் சரிவின் வட்டவளையில் கடனைப் போட்டுவிட்டு மட்டக்களப்பில் பணக்காரனாக இறங்குகிற காற்று இது. ஆனி, ஆடியில் மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்று சொல்லிச் சலித்துக்கொள்ளும் வெக்கைக் காற்று இதுதான்.

காற்று வந்து மோதும் சரிவு காற்றுமுகப் பக்கம், முதுகுப்புறம் காற்றொதுக்குப் பக்கம். அங்கே மழை குறைந்த நிலத்தை நாங்கள் மழை ஒதுக்குப் பிரதேசம் என்று படித்தோம். தமிழ்நாட்டில் மழைமறைவு என்பார்கள். மழைக்கு ஒதுங்கி நிற்பதென்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு, 'ஒதுக்கு' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இது எப்படித் தெரியவந்தது?

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளின் வடக்குப் பள்ளத்தாக்குகளில் குளிர்காலத்தின் நடுவே திடீரென்று ஒரு சுடுகாற்று இறங்கிப் பனியைக் கரைக்கும். பேன் என்பது அதன் பெயர். தெற்கே சகாராப் பாலைவனத்திலிருந்து வருகிறது என்றுதான் பலர் நினைத்தார்கள். பார்வைக்கு நியாயமான ஊகம். 1866இல் ஆஸ்திரிய வளிமண்டலவியலாளர் ஜூலியஸ் ஹான் அதை மறுத்தார். அவர் காட்டிய சான்று கிரீன்லாந்து. அதன் மேற்குக் கரையிலும் அதேபோன்ற சுடுகாற்று உள்நாட்டிலிருந்து இறங்குகிறது. உள்நாட்டில் இருப்பதோ பாலைவனமல்ல, பனிப்பாளம். பனிக்கட்டியிலிருந்து சுடுகாற்று வரவேண்டுமானால், சூடு வந்த இடத்தில் இல்லை, வந்த வழியில்தான் இருக்கிறது. மேலிருந்து கீழே இறங்கியதுதான் காரணம். பின்னாளில் ஆய்வாளர்கள் இன்னொரு வழியையும் கண்டார்கள். சில வேளைகளில் கீழ்க்காற்று மலையில் முட்டித் தேங்கி நிற்க, மேலே இருக்கும் உலர்ந்த காற்றுத்தான் மறுபக்கம் இறங்குகிறது. எந்த வழியென்றாலும் முடிவு ஒன்றுதான். இறங்கிய காற்று உலர்ந்திருக்கும், சூடாகவும் இருக்கும்.

இலங்கையில் இதற்கு ஐரோப்பா வரைக்கும் போகத் தேவையில்லை. தோட்டங்களில் துரைமார் காலம் தொட்டே மழைமானிகள் உண்டு. காலையில் பாத்திரத்தில் நின்ற நீரை அளந்து புத்தகத்தில் எழுதுவது தோட்ட அலுவலகத்து வழக்கம். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும். மத்திய மலைகளின் மேற்குச் சரிவில், வட்டவளைப் பக்கம், ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அவர்களுடைய ஓராண்டு மழை, எங்களுக்கு நாலாண்டு மழை.

புல்லும் சாட்சி சொல்கிறது. மேற்கே அடர்ந்த ஈரக் காடு. கிழக்கே ஊவாவில் பத்தனா எனப்படும் புல்வெளிகள். தீயும் மனிதனும் அந்தப் புல்லுக்கு உதவியிருந்தாலும், கோடையில் காய்ந்து பழுப்பாகும் நிலத்தில்தான் அது நிலைத்தது.

எனக்குப் பிடித்த சாட்சி தேயிலை. தேயிலைக்காரர்கள் 'தரக்காலம்' என்று ஒன்று சொல்வார்கள். ஊவாத் தேயிலைக்குத் தரக்காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மேற்கே திம்புலைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. உலர்ந்த காற்று வீசும்போது கொழுந்து மெதுவாக வளரும், மணம் செறியும். தரமான ஊவாத் தேநீரைக் கோப்பையில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனால், மூட்டுவலிக்குப் பூசும் தைலத்தின் சாயலில் ஒரு குளிர்ந்த வாசம் ஏறும். அது கற்பனையல்ல. அந்தத் தைலத்தில் இருக்கும் மெதைல் சலிசிலேற்று என்ற அதே சேர்மம் இலையிலும் உருவாகிறது. கச்சான் காற்றை நாக்கால் சுவைக்கலாம் என்றால், இதுதான் அந்தச் சுவை. எந்தப் பக்கத்துத் தேயிலைக்கு இப்போது தரக்காலமோ, அந்தப் பக்கத்து மலையில் இப்போது மழை குறைவு.

எங்கள் வறட்சி வேறு

இதைச் சொல்லி முடித்ததும் மருமகன் கேட்டான்: "அப்ப எங்களுக்கும் சோளகத்தில மழை இல்லைத்தானே. அந்த மலை மறைக்கிறதாலையோ?"

பலரும் அப்படித்தான் நம்புகிறோம். ஆனால் வரைபடத்தில் ஒரு நூலைத் தென்மேற்காகப் பிடித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அந்த நூல் மத்திய மலைநாட்டைத் தொடாது. மன்னார் வளைகுடாக் கடலின் மேல்தான் போகும். மன்னாருக்கும் புத்தளத்துக்கும் அப்படித்தான். அவை கடலைப் பார்த்தபடி, காற்றுக்கு நேர்முகமாகவே இருக்கின்றன. இருந்தும் நாட்டின் மிக வறண்ட இடங்களில் அந்த வடமேற்குக் கரையும் ஒன்று. கடற்காற்று நேரே வந்தும் மழை இல்லை. ஏன்? முக்கியமான காரணம், ஏணி இல்லை. ஈரக் காற்றாக இருந்தாலும் அதைத் தூக்கிவிட ஒரு மேடு வேண்டும். தட்டையான நிலத்தில் அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடிப்போகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க இயற்கை ஒரு மலையை வைத்திருக்கிறது. அநுராதபுர மாவட்டத்து உலர்ந்த சமவெளியில் தனியே எழும் ரித்திகலை, உயரம் 766 மீற்றர். அநுமன் சஞ்சீவி மலையைக் கொண்டுபோகும்போது தவறி விழுந்த துண்டு என்று கதை சொல்வார்கள். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. அடிவாரத்தில் உலர்வலயக் காடு நிற்க, உச்சியில் ஈரவலயத்துக்குரிய செடிகள் வளர்கின்றன. சுற்றுவட்டாரம் காய்ந்து கிடக்கும்போதும் உச்சியில் முகில் தங்கும். காற்று அதே காற்று, பருவமும் அதே பருவம். ஏணி மட்டும் புதிது. அது காட்டுக்குள் ஒரு ஈரத் தீவையே வளர்த்துவிட்டது.

ஆக, பண்டாரவளை காய்வது மலை இருப்பதால். யாழ்ப்பாணம் காய்வது மலை இல்லாததால்.

அப்படியானால் எப்போது, எந்த மலை?

மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குச் சரிவு. எல்ல, பதுளை, நமுனுகுலைப் பக்கம். நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் கிழக்கு ஓரம். சிங்களத்தில் அந்தத் தொடருக்குத் தும்பறை என்று பெயர். புகார் மூடியது என்று பொருள். அதன் மேற்கு முகத்தை அந்த மாதங்களில் பார்த்தால் பெயர் வந்த காரணம் விளங்கும், காலில் ஏறும் அட்டைகள் மீதியை விளக்கும்.

டிசெம்பர் கடைசி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவு. 2,243 மீற்றர் சிவனொளிபாதமலையின் யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கில் முடிவதைப் பாருங்கள். வாடைக்கு முதுகு காட்டி அந்தச் சரிவு காய்ந்திருக்கும் மாதங்கள் அவை. அதேபோல எங்கள் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோகிறவர்கள் கிழக்குக் கரையோரமாக, சோளகக் காலத்தில், அது உலர்ந்திருக்கும்போதுதான் நடக்கிறார்கள். மழைமானி வருவதற்கு முன்னமே, கால்கள் மழை ஒதுக்கைக் கண்டுபிடித்துவிட்டன. அம்மா சொன்ன விதி பிழையில்லை, ஒரு பக்கத்துக்கான விதி. அதை முழு மலைக்கும் போட்டதுதான் பிழை.

முகட்டுக்கு மிக அருகே போனால் கணக்குக் கொஞ்சம் தடுமாறும். கூரை முகட்டில் அடிக்கும் மழை இரண்டு பக்கமும் கொஞ்சம் தெறிக்குமல்லவா? ஹோர்ட்டன் சமவெளி, ஹப்புத்தளை போன்ற விளிம்புகளில் சோளகக் காலத்திலும் முகில் வழிந்துவரும். மலைக்குப் பின்னால் நாலைந்து கிலோமீற்றராவது தள்ளி நிற்பது நல்லது.

இடைப்பருவ மாதங்களில் பக்கம் பார்த்துப் பயனில்லை, நேரம்தான் பார்க்கவேண்டும். அப்போது காற்று மெலிந்திருக்கும். காலை வெயிலில் நிலம் சூடேறி, காற்று தானாகவே மேலெழுந்து, பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு இடியோடு கொட்டும். இது மேற்காவுகை மழை. மலையின் இரண்டு பக்கத்துக்கும் பொது. விடியவே ஏறி மதியத்துக்குள் இறங்கிவிட்டால் நனையாமல் தப்பலாம், மின்னலுக்கும் தப்பலாம். ஓகஸ்டில்கூட ஊவாவில் சில பின்னேரங்களில் இது எட்டிப்பார்க்கும்.

தாழமுக்கத்துக்கு மட்டும் இந்த விதிகள் எதுவும் இல்லை. அதற்குக் காற்றை மேலே தூக்க மலை வேண்டாம், தானே சுழன்று தூக்கிக்கொள்ளும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலில் கண்டியும் நுவரெலியாவும் பதுளையும் ஒருசேரச் சரிந்தன. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது. ஒதுங்க எந்தப் பக்கமும் இருக்கவில்லை.

மண்சரிவுகளின் தேதிகளே பக்கத்தைச் சொல்லும். மேற்குச் சரிவில் அரநாயக்க சரிந்தது 2016 மே 17இல். கிழக்கே கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயங்களை மண் மூடியது 2014 ஒக்ரோபர் 29 காலையில். ஒன்று தென்மேற்கு மழை தொடங்கும் மாதம், மற்றது வடகிழக்கு மழைக்கு முன்னோடியான மாதம். நாங்கள் நாள் பார்த்துப் போய் வந்துவிடுவோம். அங்கே வாழ்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்தே எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழித்திருக்கச் சொல்கிறது. 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறுங்கள் என்று பொருள். 75 மில்லிமீற்றர் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். இரண்டு சதுர மீற்றர் பாய் ஒன்றை விரித்த இடத்தில் 150 லீற்றர், பத்து வாளிக்கு மேல். மலை முழுவதும் அப்படிப் பாய்களை விரித்து வைத்து யோசித்துப் பாருங்கள்.

சுரங்கத்துக்கு அப்பால்

நாங்கள் போனது அந்தப் புயலுக்கு முந்திய ஓர் ஓகஸ்டில். ஹற்றனைத் தாண்டும்போது யன்னலைச் சாத்திவிட்டார்கள். கண்ணாடியில் நீர் வழிந்தது, கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்களின் தலையில் பொலித்தீன் போர்வை. மருமகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பட்டிப்பொல, நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம். 1,898 மீற்றர். அங்கும் முகில் தண்டவாளத்தில் இறங்கி நின்றது. மடியிலிருந்த தட்டைவடைப் பக்கெற் வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தது.

அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம். இருட்டில் சக்கரச் சத்தம் மட்டும். வெளியே வந்தபோது முகில் கிழிந்து, கீழே பள்ளத்தாக்கில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒஹியவுக்குப் பிறகு எதிரே இருந்தவர் யன்னலைத் தூக்கித் திறந்தார். காய்ந்த புல் வாசம் வந்தது. சுரங்கத்தின் ஒரு வாயில் ஒரு வானிலை, மறுவாயில் வேறு வானிலை என்று அந்தப் பாதையில் போய்வருகிறவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். மலை முகட்டை ஊடறுத்துப் போகும் பாதை அது. நாங்கள் காற்றின் வழியிலேயே ஏறி, காற்றின் வழியிலேயே இறங்கிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் விடிய சின்னச் சிவனொளிபாதம் ஏறினோம். உயரம் 1,141 மீற்றர். எல்ல நகரிலிருந்து தேயிலைக்குள்ளால் நடை, முடிவில் படிக்கட்டு, ஒரு மணித்தியாலம் போதும். முதன்முதலாக மலையேறுகிறவனுக்கு அளவான மலை. பாதை காய்ந்திருந்தது, ஓர் அட்டையும் இல்லை. உச்சியில் நின்று மேற்கே திரும்பினால், தூரத்து முகட்டின் மேல் வெள்ளை முகில் மதில்போல அசையாமல் நின்றது. அது நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தெரிந்தாலும், பின்னாலிருந்து காற்று ஏற ஏறப் புதிதாய்க் கட்டி, முன்னால் இறங்க இறங்கக் கரைந்துகொண்டிருக்கும் முகில் என்றேன். அவன் கொஞ்ச நேரம் உற்றுப்பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மா தொலைபேசி எடுத்தார். "மழையோ அங்க?"

"இல்லை அம்மம்மா, நல்ல வெயில். காத்து அடிக்குது. அங்க?"

"இஞ்ச எங்க மழை? சோளகம் பேயாட்டம் ஆடுது, முத்தமெல்லாம் புழுதி."

அவன் சிரித்துக்கொண்டே போனை என்னிடம் தந்தான். "ரெண்டு இடத்திலயும் மழை இல்லையாம் மாமா. காரணம் வேற எண்டு நீங்களே சொல்லுங்கோ."